கேள்வி மைக்

அரங்கத்தில் அவருக்குப் பெயர் கிடையாது. வாசல் காவலாளியிலிருந்து செயலாளர் அம்மா வரை எல்லோருக்கும் அவர் 'சவுண்டு'தான். "சவுண்டு வந்தாச்சா?", "சவுண்டுக்கு டீ குடுத்தீங்களா?" என்றுதான் பேச்சு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மனுஷர் வாயைத் திறந்து சத்தமாக ஒரு வார்த்தை பேசி எவரும் கேட்டதில்லை. வீட்டில் மனைவி பத்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசினால் இவர் ஒரு 'ம்' போடுவார். அந்த 'ம்' சம்மதமா மறுப்பா என்று கண்டுபிடிப்பதற்குள் அந்தம்மாவுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

அரங்கத்தின் பின்சுவரை ஒட்டி, கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர், அதன் மேல் தூசிக்குப் போர்த்துகிற ஒரு பழைய துண்டு, சாய்வு உடைந்த ஒரு சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் கேட்காத பேச்சு இல்லை. அமைச்சர்கள் பேசினார்கள், பல் டாக்டர்கள் பேசினார்கள், இரங்கல் கூட்டங்களில் செத்தவரை விட்டுவிட்டுத் தங்களைப் பற்றியே பேசுகிறவர்கள் பேசினார்கள். எல்லாம் அவர் காது வழியாகத்தான் போயிற்று. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, தொழில் அப்படி. 'மக்களுக்காக உயிரையும் கொடுப்பேன்' என்று ஒருவர் முழங்கினால், அந்த 'ப்பே' மைக்கில் 'டொம்'மென்று விழுகிறதே என்பதுதான் அவர் கவலை. உயிரைக் கொடுத்தாரா இல்லையா என்பது அவர் கணக்கில் வராது.

ஆனால் கைப்பக்குவம் என்று ஒன்று அவரிடம் இருந்தது. கூட்டம் முடியும்போது கேள்வி நேரம் வைப்பார்கள். கம்பியில்லாத மைக் ஒன்று சபைக்குள் கை மாறிக் கை மாறிப் போகும். நம் ஜனங்களுக்குக் கையில் மைக் கிடைத்துவிட்டால் போதுமே! கேள்வி கேட்க எழுந்தவர் தான் பிறந்த கதையிலிருந்து ஆரம்பிப்பார். மேடை ஓரத்தில் நிற்கும் செயலாளர் அம்மா கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினால், போதும் மூடு என்று அர்த்தம். சவுண்டு உடனே அந்த மைக்கின் ஃபேடரை, அதாவது மிக்ஸரில் மேலும் கீழும் நகர்கிற குமிழை, சடாரென்று இழுத்துவிட மாட்டார். அது முரட்டுத்தனம். கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். பேட்டரி தீர்ந்து குரல் தானாகவே மங்கிப்போகிற மாதிரி இருக்கும். பேசுகிறவர் மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு, 'சே, மைக் போயிடுச்சு' என்று அசடு வழிந்தபடி உட்கார்ந்துவிடுவார். தன் வாயை ஒருவர் மூடினார் என்பது இதுவரை எந்தப் பிரகஸ்பதிக்கும் தெரிந்ததில்லை.

"இதுல என்ன தப்பு? அவருக்கும் மரியாதை, நமக்கும் நேரம் மிச்சம்" என்பார் சவுண்டு.

வீட்டு விஷயத்திலும் அவருக்கு இதே கைப்பக்குவம்தான். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னதே கிடையாது. மெல்ல மெல்ல இறக்குவார்.

அவருடைய அப்பா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவர். விசிலே தேவையில்லை, மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அதட்டினால் அந்தக் கோடியில் இருக்கிற பையன் நிமிர்வான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது, குரல் மட்டும் விழவில்லை. அப்போது தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் தட்டிக்கொண்டே போய், கடைசியில் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காமல் விட்டிருந்த சமயம். "கொஞ்ச நாளைக்கு அப்பா உன்கிட்ட இருக்கட்டும்மா. மாடியில ஒரு ரூம் போட்டதும் நான் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார் அண்ணன். கடை வேலையை விட்டுவிட்டு அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். கடைக்காரர் நல்லவர், கண்ணாடிக் காம்புகளையும் திருகாணிகளையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பி, அவளிடம் சரிபார்த்து வாங்கிக்கொண்டார்.

மாடியில் ரூம் போட்டாயிற்று. அதில் பையன் உட்கார்ந்து படித்தான். பையன் பரீட்சை முடியட்டும் என்றார். பரீட்சை முடிந்ததும் மனைவிக்கு முதுகு வலி என்றார். முதுகு வலி வந்த சமாச்சாரம் அந்த மனைவிக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. "உங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்களேன், நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள். அதற்கும் ஒரு 'ம்'தான் கிடைத்தது.

சரி, செய்யாததுதான் செய்யவில்லை, சும்மாவாவது இருந்தாரா? அரங்கத்தில், அப்பா தன்னிடம் இருப்பதாகவே சொல்லி வைத்திருந்தார். முதலில் ஒரு நாள் லீவுக்காக வாயில் வந்த பொய். லீவும் கிடைத்தது, கூடவே ஒரு மரியாதையும் கிடைத்தது. செயலாளர் அம்மா டீ கொடுத்தனுப்பும்போது இரண்டு பிஸ்கெட்டும் சேர்த்து வைத்தாள். பொய் ருசியாக இருந்தால் யார்தான் விடுவார்கள்?

இப்படி இருக்கையில்தான் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, டாக்டர் இனிமே தள்ளிப்போட முடியாதுன்னுட்டாங்க. வயித்துல இருக்கிற கட்டி பெருசாயிடுச்சாம். ஆபரேஷன் பண்ணினா ஒன்றரை மாசம் எதையும் தூக்கக்கூடாதாம். அப்பாவை யாரு தூக்குவா, யாரு திருப்பிப் போடுவா? அதுவரைக்கும் மட்டும் உன்கிட்ட வச்சுக்கோண்ணா. அப்புறம் நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"பார்க்கலாம்மா. இந்த வாரம் பெரிய புரோகிராம். புத்த மதத்துப் பெரிய குரு ஒருத்தர் வர்றாரு. அது முடியட்டும்."

"முடிஞ்சதும் சொல்லிடுவியா?"

"நீயும் வாயேன். என்கிட்ட பாஸ் இருக்கு. கருணையைப் பத்திப் பேசறாராம். உனக்கும் மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

அடப்பாவி மனுஷா! தங்கை கேட்டது ஒன்றரை மாசம். இவர் கொடுத்தது நடு வரிசையில் ஒரு நாற்காலி. அவள், "சரிண்ணா, வரேன். அங்கேயே உன் பதிலையும் கேட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

குரு பேசுகிற அன்று சாயங்காலம் அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். செயலாளர் அம்மா கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா எப்படி இருக்காரு சவுண்டு? இன்னிக்கு யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"தங்கச்சி வந்திருக்கா. பார்த்துக்கறா."

"பாருங்க, நன்றி சொல்லும்போது உங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லத்தான் போறேன். வேலையும் பார்த்துக்கிட்டு, படுக்கையில கிடக்கிற அப்பாவையும் பார்த்துக்கறீங்களே. குரு பேசப்போறதே அதைத்தானே?"

சவுண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த ஆட்டலிலேயே, சொன்னால் நன்றாக இருக்கும் என்பதும் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போனதும், கண்ணாடி வழியாகத் தங்கை தெரிந்தாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் அப்பாவை ஒப்படைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நடு வரிசையில் பாஸில் இருந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் திரும்பி, கண்ணாடி அறையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நன்றி சொல்லும்போது இவள் இருக்கக்கூடாதே, எப்படி இவளைக் கிளப்புவது என்பதே சவுண்டுக்கு யோசனையாகிவிட்டது.

குரு வந்தார். காவி நிறத் துணி போர்த்திய சின்ன உருவம், வயதானவர், சிரித்த முகம். அவருடைய பாஷையில் அவர் நாலு வாக்கியம் பேசுவார், மொழிபெயர்க்க வந்த பேராசிரியர் அதை எட்டு வாக்கியமாக்குவார். குருவின் குரலில் ஒரு பொய்யும் இல்லை. சவுண்டு ஒத்துக்கொள்வார், இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமான குரல் அந்த மிக்ஸருக்குள் வந்ததில்லை. போர்வை மட்டும் அடிக்கடி காலர் மைக்கில் உரசியது. "எங்கேயோ கஷ்டப்படுகிறவர் மேல் இரக்கப்படுவது சுலபம். பக்கத்து அறையில் இருக்கிறவர் மேல் இரக்கப்படுவதுதான் கடினம். அவர் நம் தூக்கத்தைக் கெடுக்கிறார்" என்றார் குரு. சபை சிரித்தது. சவுண்டு அந்த உரசலை எப்படிக் குறைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கையும் அதைக் கேட்கவில்லை. அவள் தூங்கிவிட்டாள். குளிர்ந்த காற்று, மெத்தை வைத்த நாற்காலி, யாரும் அதட்டிக் கூப்பிடாத ஒரு சாயங்காலம். வேறென்ன செய்வாள்? வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கமாகச் சரிந்து, கருணையைப் பற்றிய பேச்சு முழுவதையும் அவள் தூங்கியே கழித்தாள். கைதட்டல் கேட்டுத்தான் விழித்தாள்.

கேள்வி நேரம் ஆரம்பித்தது. ஒரு வியாபாரி எழுந்து, போட்டி நிறைந்த தொழிலில் கருணைக்கு இடமுண்டா என்று கேட்டார். இடமுண்டு என்று பதில் வந்தது. அடுத்து யார் என்று தொண்டர் பார்த்தபோது தங்கை கையைத் தூக்கிவிட்டாள். மைக் அவள் கைக்குப் போயிற்று.

சவுண்டு ஹெட்ஃபோனை இறுக்கிக்கொண்டார். கேள்வி மைக்கைத் திறப்பதற்கு முன் ஒரு பொத்தானை அமுக்கி, அதைத் தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். ஃபேடர் கீழே கிடந்தாலும் அந்த மைக்கில் விழுவதெல்லாம் அவர் காதுக்கு வரும், சபைக்கு வராது. இரைச்சல் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குமிழை மேலே தள்ளினார்.

"வணக்கம் ஐயா" என்றது தங்கையின் குரல், அரங்கம் முழுக்க. "எங்கப்பா படுத்த படுக்கையா இருக்கார். அவரை நான்தான் பார்த்துக்கறேன். எனக்கு ஒரு அண்ணன் இருக்கார்..."

செயலாளர் அம்மா கைக்குட்டையைத் தொடக்கூட இல்லை. சவுண்டின் விரல் தானாகவே இறங்கியது. இங்கே, என்னை வைத்துக்கொண்டே, நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்க வந்திருக்கிறாள் என்று அவருக்கு உடம்பெல்லாம் பற்றியது. ஆனாலும் கைப்பக்குவம் மாறவில்லை. மெதுவாக, அழகாக, குரல் மங்கி மறைந்தது. ஸ்பீக்கர்கள் ஓய்ந்தன. அவள் நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மைக்கை உதட்டோடு ஒட்டி, முணுமுணுப்பாகப் பேசிக்கொண்டே போனாள். சத்தம் போய்விட்டது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, ஆரம்பித்துவிட்டவளால் நிறுத்த முடியவில்லை. அவ்வளவும் ஒரே ஒரு ஹெட்ஃபோனுக்குள் வந்து விழுந்தது.

"அவரைக் குத்தம் சொல்ல வரலைங்க. அவருக்கு ஆயிரம் வேலை. எங்கப்பாவுக்கு அண்ணன்னா உசுரு. நான் சோறு ஊட்டினா, அவன் வந்தாத்தான் சாப்பிடுவேன்னு துப்புவார். முந்தாநாள் என் மூஞ்சியிலேயே துப்பிட்டார். நான் அடிச்சிட்டேங்க. கன்னத்துல. ஒரு அடியோட நிறுத்தலை. அடிக்க அடிக்க எனக்கு நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் கருணை உண்டாங்க?"

சவுண்டு அசையவில்லை. விரல் குமிழ் மேல்தான் இருந்தது, இன்னும் நேரமும் இருந்தது. மேலே தள்ளியிருந்தால் அந்தக் கடைசிக் கேள்வியாவது மேடைக்குப் போயிருக்கும். தள்ளவில்லை. இதை ஊர் கேட்டால் அவளுக்குத்தானே அவமானம், மூடினதும் நல்லதாகப் போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனுஷனுக்குச் சாக்குக்கா பஞ்சம்?

மேடையில் பேராசிரியருக்குக் கேட்டது முதல் மூன்று வாக்கியம்தான். அவர் அதையே குருவின் காதில் சொன்னார். குரு முகம் கனிந்து, நடு வரிசையைப் பார்த்துக் கை கூப்பி, என்னவோ சொன்னார். பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். "தந்தைக்குப் பணிவிடை செய்யும் இந்த மகளைக் குரு வணங்குகிறார். கருணையைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை என்கிறார்!"

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். தங்கை இல்லை, இல்லை என்று கையை ஆட்டினாள். அடக்கத்தைப் பாருங்கள் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். தொண்டர் மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

செயலாளர் அம்மாவும் சொன்னபடி செய்தாள். நன்றி சொல்லும்போது, "இந்த அரங்கத்துக்குள்ளேயே அப்படி ஒரு மகனும் இருக்கிறார்" என்று ஆரம்பித்து, சவுண்டின் பிதுர்பக்தியைப் புகழ்ந்து தீர்த்தாள். சபை முழுவதும் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்துத் தட்டியது. தங்கையும் திரும்பிப் பார்த்தாள். அவள் மட்டும் தட்டவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, அவர் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் அறைக் கதவருகே வந்து நின்றாள். சவுண்டு சுற்றிய வயரையே மறுபடி சுற்றினார்.

"உன்னைப் பத்தி நல்லாத்தான் பேசினாங்க" என்றாள்.

"அது... லீவுக்காக ஒரு தடவை சொன்னதும்மா. அவங்களா பெருசாக்கிட்டாங்க."

"போகட்டும் விடுண்ணா. வேலை செய்யற இடத்துல ஏதாவது சொல்லித்தானே ஆகணும்." நிஜமாகவே அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மைக் என்னாச்சு? பாதியிலேயே போயிடுச்சே."

"பேட்டரி. சில நேரம் அப்படித்தான்."

"போனதும் நல்லதுதான். எதையோ உளறிட்டேன்."

அவள் முகத்தை அப்போதுதான் அவர் சரியாகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு, உதடு வெளுத்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். ஆயிரம் பேச்சு கேட்டும் அசையாத மனுஷருக்கு, ஹெட்ஃபோனில் கேட்ட அந்த முணுமுணுப்பு உள்ளே இறங்கிவிட்டிருந்தது. இதில் நடிப்பு ஒன்றும் இல்லை, அந்த மட்டுக்கும் அவரை நம்பலாம்.

"அப்பாவை இந்த ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"நிஜமாவா? அண்ணி என்ன சொல்வாங்க?"

"அவ ஒண்ணும் சொல்லமாட்டா. நீ டாக்டர்கிட்ட தேதி வாங்கிடு. ஒன்றரை மாசம் என்ன, அப்பா என்கிட்டயே இருக்கட்டும். நீ போதும்போதும்ங்கற அளவுக்குச் செஞ்சுட்டே."

அவள் அந்தச் சாய்வு உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டே அழுதாள். அண்ணன் கிட்டே போய் அவள் தோளைத் தொட்டார். கடைசியாக எப்போது தொட்டார் என்று இருவருக்கும் ஞாபகமில்லை. அவளைத் தேற்ற வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே இருந்தது.

"அழாதே. அடிச்சதையே நினைச்சு உருகாதே. நானா இருந்தா முதல் வாரமே அடிச்சிருப்பேன்."

அழுகை நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அடிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே சொன்னே. மைக்ல."

"பக்கத்து சீட்டு அம்மாவுக்கே கேட்கலைண்ணா. என்னம்மா கேட்டீங்கன்னு வெளியே வரும்போது விசாரிச்சாங்க."

அவர் கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு மிக்ஸரைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடித் திருகாணியில் ஒரு சுற்று குறைந்தாலும் கண்டுபிடிக்கிற பெண், இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? சவுண்டு என்னென்னவோ சாக்குத் தேடினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

"எந்த இடத்துல மூடினே? அண்ணன்னு சொன்னதுமா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பாவை அனுப்ப மாட்டேன்ண்ணா."

"அசட்டுத்தனமா பேசாதே. ஆபரேஷன் என்னாகிறது? நான்தான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றேனே!"

"ஆனது ஆகட்டும். நான் அடிச்சா, அவர் போடற கத்தல் நாலு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து என் கையைப் பிடிச்சு நிறுத்துவாங்க. முந்தாநாளும் அவங்கதான் நிறுத்தினாங்க. உன்கிட்ட விட்டா, அவர் கத்தறது உனக்கு மட்டும்தான் கேட்கும்."

சொல்லிவிட்டு, அந்தம்மா காத்துக்கொண்டிருப்பார்கள், பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டாள்.